பரங்கி வந்த வழி: ஒரு கூதிர்கால இனிப்பின் வரலாறு

சென்ற ஆண்டு ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அமெரிக்காவில் இருக்கும் பேத்தி போன் பண்ணினாள். "தாத்தா, இன்னிக்கு வீட்லயே பம்ப்கின் ஃபட்ஜ் செஞ்சோம். இங்க இலையெல்லாம் செவந்து விழற சீசன். எங்க பாத்தாலும் பரங்கிக்காய்தான். நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதுல்ல?" என்று கேட்டாள்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "ஏன் கிடையாது? பரங்கிக்காயும் பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டின அல்வாவை உன் கொள்ளுப்பாட்டி ஐப்பசி அடைமழையில செஞ்சிருக்கா. உங்க ஃபட்ஜெல்லாம் நேத்து வந்தது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்னது சொன்னேன், மனசு கேட்கவில்லை. வெல்லக்கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினவன் நான். கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆனாலும் ஒரு சரக்கு கைக்கு வந்தால் அது எங்கே விளைந்தது, யார் கை மாறி வந்தது என்று கேட்பது வியாபாரியின் வழக்கம். அந்த வழக்கப்படி எங்கள் வீட்டு அல்வாவை ஒவ்வொரு சரக்காகப் பிரித்துப் பார்த்தேன். முடிவில் ரோஷம் போய்விட்டது. தெரிந்துகொண்டது வெளியூரில் குடியிருக்கும் நம் எல்லாருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இந்த மலரில் எழுதுகிறேன்.

ஃபட்ஜ் எப்போது வந்தது?

முதலில் பேத்தியின் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடலாம். ஃபட்ஜ் என்பது சர்க்கரை, பால், வெண்ணெய் சேர்த்துப் பதமாகக் காய்ச்சி, ஆறவிட்டுக் கிளறித் துண்டு போடும் அமெரிக்க இனிப்பு. 1886-ல் பால்டிமோர் நகரில் அதை ஒரு பவுண்டு 40 சென்ட் விலைக்கு விற்றார்கள் என்றும், 1888-ல் வாசர் மகளிர் கல்லூரியில் தானே 30 பவுண்டு செய்ததாகவும் எமலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற பெண்மணி பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஃபட்ஜைப் பற்றிக் கிடைக்கிற பழைய செய்திகளில் அது ஒன்று.

நம் தேவிகுளம் மலையோடு ஒப்பிட்டால் காலம் புரியும். பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியது 1877-ல். 1879-ல் தோட்டம் போடுவதற்கான சங்கம் அமைந்தது. ஃபட்ஜ் பிறந்த அதே காலத்தில்தான் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் நம் ஜனங்களை இந்த மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆக, ஃபட்ஜுக்கும் தேவிகுளத்துத் தோட்டத் தமிழருக்கும் ஏறக்குறைய ஒரே வயது!

இனிப்பு புதியது, அதன் சர்க்கரை பழையது. ஆங்கிலத்தில் இனிப்புக்குச் சொல்லும் 'கேண்டி' என்ற சொல், வடமொழிக் 'கண்டம்' பாரசீகம், அரபி வழியாகப் போய் உருமாறியது. நம் கற்கண்டில் இருப்பதும் அதே கண்டம்தான். 'சுகர்' என்பதும் 'சர்க்கரா'வின் வழிவந்ததே. இதைக் கண்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த சரக்கைத் தொட்டதும் பெருமை இறங்கிவிட்டது.

பெயரிலேயே இருக்கிற சாட்சி

அடுத்த சரக்கு பரங்கிக்காய். இதன் பெயரே சாட்சி சொல்கிறது. ஐரோப்பியரை அரபியர் 'ஃபிரஞ்சி' என்றார்கள். 'ஃபிராங்க்' என்ற இனப்பெயரிலிருந்து வந்தது அது. நம் நாக்கில் அது 'பரங்கி' அல்லது 'பறங்கி' ஆயிற்று. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கின பிறகு, போர்ச்சுகீசியரைச் சேர்ந்ததற்கெல்லாம் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பறங்கிமலை, பரங்கிப்பேட்டை, பறங்கிப்புண் எல்லாம் அந்த வகை. பரங்கிக்காய் என்றால் அந்நியன் காய் என்று அர்த்தம். தினமும் கூட்டு வைத்துச் சாப்பிடுகிறோம், அர்த்தத்தை யோசிப்பதில்லை.

தாவர நூலார் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. இந்தக் காயினம் முழுக்க அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவில் ஒஹாக்கா பகுதியில் கிலா நாக்கிட்ஸ் என்ற குகையில் கிடைத்த விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மனிதர் பயிரிட்ட விதைகள் என்று கண்டிருக்கிறார்கள். பேத்தி இருக்கிற கண்டத்தில்தான் பரங்கியின் பிறந்த வீடு! "நம்ம ஊர்ல கிடையாதுல்ல" என்று அவள் கேட்டதில் பாதி உண்மை இருந்தது.

நம் ஊரில் ஏற்கெனவே இருந்தது வெண்பூசணி. அது ஆசியக் காய். வடமொழியில் கூஷ்மாண்டம். காசி அல்வா செய்வது இதில்தான், ஆக்ராவின் பேட்டா மிட்டாய் செய்வதும் இதில்தான். எங்கள் சமண மரபில் நேமிநாத தீர்த்தங்கரரின் யட்சிக்குக் கூஷ்மாண்டினி என்றே ஒரு பெயர் உண்டு. தமிழ்ச் சமணர் தருமதேவி என்போம். போளூர் அருகே திருமலைக்குப் போனவர்கள், பாறையில் நெடிதுயர்ந்து நிற்கும் நேமிநாதரைப் பார்த்திருப்பீர்கள்.

புதிதாக வந்த பரங்கி இந்தப் பழைய காயின் பெயரைப் பங்கு கேட்டது. தென்மாவட்டங்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றார்கள். கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்று தனிப்பெயரே கொடுத்துவிட்டார்கள். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் வைக்கிற மஞ்சள் பூ, பொங்கல் குழம்பில் போடுகிற காய் என்று எங்கும் புகுந்துவிட்டது. இன்றைக்குக் காய்கறிக் கடையில் பரங்கி நாட்டுக்காய். கேரட்டும் பீட்ரூட்டும்தான் இங்கிலீஷ் காய்!

தேவிகுளத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலையாளத்தில் இந்தக் காய் மத்தன். ஓண விருந்தில் மத்தன் எரிசேரி சாப்பிடாதவர் யார்? அவர்கள் 'பறங்கி' என்று அடையாளம் வைத்திருப்பது முந்திரிக்கு. முந்திரி மரம் அவர்களுக்குப் பறங்கிமாவு. முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான். தமிழர் ஒரு காயை அந்நியன் என்றார்கள், மலையாளிகள் ஒரு கொட்டையை அந்நியன் என்றார்கள். இரண்டு அந்நியர்களும் ஒரே வாணலியில் நெய்யில் சேருகிறார்கள். 'அல்வா' என்ற சொல்லும் அரபி.

கரும்பும் அதியமானும்

சரி, வெல்லமாவது நம்முடையதுதானே என்று ஆறுதலாக இருந்தேன். கரும்பில்லாமல் தமிழன் ஏது? அங்கேயும் ஒரு தடை. புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும்போது, அவன் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்து தந்த சிறப்பைச் சொல்கிறார். தேவருலகத்திலிருந்து கொண்டுவந்தார்கள் என்பது மரபுவழி நம்பிக்கை. கரும்பின் தாய்மண் நியூகினித் தீவு என்பது தாவர நூலார் முடிவு. எப்படிப் பார்த்தாலும் கரும்பு வந்து சேர்ந்த பயிர் என்ற நினைவு சங்க காலத்திலேயே நமக்கு இருந்திருக்கிறது. அதை யாரும் மறைக்கவில்லை. கொண்டுவந்ததை ஒரு அரச குலத்தின் புகழாகப் பாடியிருக்கிறார்கள்.

அந்த அதியமான் எங்களுக்கு இன்னொரு வகையிலும் வேண்டியவன். திருக்கோவலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, ஸதியபுத அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் துறவியர் தங்கப் பள்ளி அளித்ததைச் சொல்கிறது. அதைச் சமணப் பள்ளி என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அசோகனின் கல்வெட்டில் வரும் 'சதியபுத்திரர்' யார் என்ற பழைய கேள்விக்கும் இந்தக் கல்வெட்டு விடை தந்தது. கரும்பு கொண்டுவந்த குலத்தில் வந்தவன், ஊர் ஊராக நடக்கும் முனிவர்களுக்கு இடமும் கொடுத்தான். வந்ததை வாழவைக்கிற பழக்கம் அந்தக் குலத்துக்கு இருந்திருக்கும் போல.

மறையூர் உருண்டை

நம் தேவிகுளம் தாலுகாவில் கரும்பு விளைவது மறையூர், காந்தல்லூர் பக்கம். மூணாறு, தேவிகுளம் மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, மலையின் மறைவில் இருக்கிற மறையூர் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மழைமறைவால்தான் அங்கே சந்தனமும் கரும்பும். மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து கிராமங்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். அங்குள்ள பழங்குடி வேளாளர் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். நெல் விளைந்த வயல்களில் பின்னாளில் கரும்பு ஏறிற்று. ஆலைக்கொட்டகையில் சாறு பிழிந்து, பெரிய கொப்பரையில் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை எடுத்து, மரத்தொட்டியில் ஊற்றி, சூடு பொறுக்கிற நேரத்தில் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். விரல் பதிந்த தடம் உருண்டையில் தெரியும். நிறம் கருத்த பழுப்பு. உப்புக் கரிப்பு குறைவு. வெல்லம் விற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பளபளவென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தை விட இந்தக் கறுப்பு உருண்டையை நம்பலாம்.

சமவெளியிலிருந்து வருகிற வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று சொல்லி விற்கிற வழக்கம் பெருகியதால், இதற்குப் புவிசார் குறியீடு வேண்டும் என்று கேட்டு, 2019-ல் கிடைத்தது. அதே 2019-ல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் குறியீடு கிடைத்தது. நியூகினிப் பயிர், மதுரையிலிருந்து வந்த உழவர், கேரள மாநில மண் மூன்றும் சேர்ந்ததற்கு இந்திய அரசாங்கம் 'இது இந்த ஊர்ச் சரக்கு' என்று முத்திரை போட்டுவிட்டது. பூர்வீகம் என்பதை இப்படியும் சம்பாதிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் அல்வாவில் இந்த மலைக்கே பிறந்த சரக்கு ஒன்று உண்டு. அது ஏலக்காய். மலைக்கே ஏலமலை என்று பெயர். அது எட்டே எட்டுக் காய்தான் விழுகிறது, ஆனால் வாணலியைத் திறந்தால் முதலில் அதன் வாசனைதான் வரும்.

உருளையை நிறுத்தின அடுப்படி

இங்கே எங்கள் சமையலறை வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கண்டிப்பான சமணர் வீடுகளில் மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகள் சேர்ப்பதில்லை. மற்ற வீடுகளிலும் நோன்பு நாட்களில் சேர்க்க மாட்டார்கள். கிழங்கைப் பிடுங்கினால் செடியே சாகிறது, மண்ணுக்கடியில் அதை ஒட்டி வாழும் எண்ணற்ற உயிர்களும் சாகின்றன என்பது காரணம். பரங்கிக்கு அந்தத் தடை இல்லை. கொடி மண்மேல் படர்கிறது, காயைக் கிள்ளினாலும் கொடி பிழைத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உருளைக்கிழங்கும் அமெரிக்கா, பரங்கியும் அமெரிக்கா. இரண்டும் வெள்ளைக்காரன் கப்பலில் வந்தவை. எங்கள் பாட்டிமார்கள் ஒன்றை வாசலில் நிறுத்தினார்கள், இன்னொன்றை உள்ளே கூப்பிட்டுத் தீபாவளிப் பண்டமாக்கினார்கள். ஊர்க்காயான சேனைக்கும் உருளைக்குச் சொன்ன பதில்தான். பிறந்த ஊரைப் பார்த்து முடிவு செய்திருந்தால் சேனை உள்ளேயும் பரங்கி வெளியேயும் இருந்திருக்கும். அவர்கள் கேட்டது, 'நீ வருவதால் யாருக்காவது கெடுதல் உண்டா?' என்ற ஒரே கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி கேட்ட அந்தக் கேள்வியை, படித்தவர்கள் பலர் மனிதர்களிடம் கேட்பதில்லை.

தீபாவளி எங்களுக்கு மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த நாள். மரபுக் கணக்குப்படி கி.மு. 527. அன்று விடியலில் விளக்கேற்றி வழிபட்ட பிறகே இனிப்பு. இருட்டினபின் உண்ணாத வழக்கம் உள்ளதால், முந்தின நாள் பொழுது சாயுமுன்னே அல்வா இறக்கியாக வேண்டும். "காயை வெட்டுன்னு சொல்லாதே, நறுக்குன்னு சொல்லு" என்று பாட்டி திருத்துவாள். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே எத்தனை பிறவி துன்பம் என்று யசோதர காவியத்தின் கதையையும் அடுப்படியிலேயே சொல்லிவிடுவாள். திருஷ்டிக்குப் பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைப்பதை அவள் பார்க்கவே மாட்டாள்.

செய்முறையும் மலை செய்யும் குறும்பும்

பேத்தி அனுப்பிய குறிப்புப்படி தேவிகுளத்தில் ஃபட்ஜ் செய்து பார்த்தேன். பாகு 114 டிகிரி செல்சியஸ் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள். தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு கவனமாகச் செய்தேன். ஆறினதும் கல்! உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

காரணம் உயரம். தேவிகுளம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகும் அப்படித்தான், கடற்கரையில் 114-ல் வருகிற பதம் இங்கே 108-லேயே வந்துவிடுகிறது. நான் 114 வரை விட்டதால் முற்றிவிட்டது. பாட்டிக்குத் தெர்மாமீட்டர் தெரியாது. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். இளகின உருண்டையாக நின்றால் உருட்டுப் பதம். வந்தவாசியில் பார்த்தாலும் தேவிகுளத்தில் பார்த்தாலும் நியூஜெர்சியில் பார்த்தாலும் விரல் பொய் சொல்லாது.

எங்கள் வீட்டு அளவு இது. தோலும் விதையும் நீக்கிய பரங்கி 1 கிலோ, பசும்பால் 2 லிட்டர், மறையூர் வெல்லம் 400 கிராம், நெய் 150 கிராம், முந்திரி 50 கிராம், ஏலக்காய் 8. நன்றாகப் பழுத்து, காம்பு காய்ந்த பரங்கியாகப் பார்த்து வாங்குங்கள். பிஞ்சில் தண்ணீர்தான் மிஞ்சும்.

பாலை அடி கனத்த உருளியில் சுண்டவைத்துக் கோவாவாக்கி எடுத்து வையுங்கள். பரங்கியைத் துருவி ஆவியில் வேகவைத்து, பாதி நெய்யில் ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். இதில் அவசரம் கூடாது. காயில் பெரும்பகுதி நீர், அது போகாவிட்டால் துண்டு நிற்காது. வெல்லத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சுங்கள். பரங்கியைப் பாகில் சேர்த்துக் கிளறி, தீயைத் தணித்து, கொதிப்பு அடங்கின பிறகே கோவாவை உதிர்த்துப் போடுங்கள். பாலும் வெல்லமும் கொதியில் சந்தித்தால் திரிந்துவிடும். வெல்லத்தில் சிறிது புளிப்பு உண்டு. மீதி நெய்யை ஊற்றிக்கொண்டே, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்டி, ஏலப்பொடியும் வறுத்த முந்திரியும் சேர்த்து, நெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்புங்கள். மூன்று நாலு மணிநேரம் தொடாமல் விட்டுத் துண்டு போடலாம்.

வெள்ளைச் சர்க்கரை ஃபட்ஜ் போல இது மொறுமொறுப்பாக உதிராது. வெல்லத்தில் பழச்சர்க்கரை வகைகளும் கலந்திருப்பதால் படிகம் கட்டுவது தடைப்படும். அதனால் மென்மையாகவே இருக்கும். அதுதான் அதன் குணம், குற்றம் என்று நினைக்காதீர்கள்.

யார் வந்தவர்?

ஐப்பசியும் கார்த்திகையும் நம் பழைய கணக்கில் கூதிர்காலம். பேத்தியின் ஊரில் இலை உதிர்கிற நேரம், நம் மலையில் துலாமழை பெய்கிற நேரம். கூதிர்காலத்தின் ஒரு நாளான 1956 நவம்பர் 1-ல்தான் மாநில எல்லைகள் மாறின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானது. கோடுகள் இத்தனை மாறியும் மறையூர்க் கரும்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

மனிதர்களைத்தான் கேட்கிறார்கள். இங்கே நம்மைப் பாண்டிக்காரன் என்பார்கள். ஊருக்குப் போனால் கேரளாக்காரர் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஜைனர் என்று சொன்னதும், "சேட்டா? தமிழ் நல்லா பேசறீங்களே!" என்பார்கள். எங்கள் முன்னோர் வந்தவாசிப் பக்கத்தில் தமிழிலேயே பிறந்து தமிழிலேயே எரிந்தவர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு துண்டு பரங்கி அல்வா கொடுக்கிறேன்.

இந்த மலரைப் படிக்கிற குடும்பங்களில் பலர் எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் 'நாம இந்த ஊரா, அந்த ஊரா?' என்று கேட்டால், அதியமான் முன்னோர் கதையைச் சொல்லுங்கள். ஒன்றைக் கொண்டுவந்து தந்தவர்களை இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழ் நினைவில் வைத்திருக்கிறது. நாம் போன இடத்துக்கு எதைக் கொண்டுபோய்த் தருகிறோம் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பேத்திக்கு மறுபடி போன் பண்ணி, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டேன். "காய் உங்க ஊர்க்காய்தாம்மா. நாங்க வளத்து வெச்சிருக்கோம்" என்றேன். அவள் இந்தத் தடவை மறையூர் உருண்டை இரண்டு கிலோ அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.